போகாத ராமராஜன்

ஏழு வயதில் கேட்ட ஒரு சத்தம் ராமராஜனின் காதிலேயே தங்கிவிட்டது. அவன் அம்மா கங்கையம்மாள் அப்போது மாகறலிலிருந்து தினமும் பிள்ளையார்பாளையத்துக்கு வந்து, நவவீரர் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்தவர், மடித்த பட்டுப்புடவையின் இரண்டு மூலையைப் பிடித்து ஒரே உதறாக உதறினார். கோபுரத்திலிருந்து பெரிய பறவை ஒன்று கிளம்பியது போல ஒரு சத்தம். அதன் பின் ஒரு மௌனம். புடவை தேறியதா இல்லையா என்று அந்த மௌனத்தில்தான் முடிவாகும். நெய்துகொண்டு வந்தவர் அதுவரை மூச்சு விடமாட்டார். விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் நின்ற ராமராஜனும் விடவில்லை. பெரியவனானால் புடவை உதறுகிற ஆளாக வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டான்.

ஆகவும் செய்தான். இருபத்து மூன்றாம் வயதில், 2014இல், அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தான். மாகறல் காலனியிலிருந்து அங்கே உட்கார்ந்த முதல் ஆள் அவன்தான். சங்கம் அதை மிகுந்த பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்டது. அதாவது, வருஷா வருஷம் ஆண்டறிக்கையில் குறிப்பிட்டது.

அவன் வேலை, புடவையை உதறி, தடவி, வெளிச்சத்தில் பிடித்து, எடை போட்டு, தேறியது தேறவில்லை என்று எழுதுவது. அதில் ஒரு தனிப் பதிவேடு உண்டு. நெய்துகொண்டிருக்கும்போது வீட்டில் சாவு, காய்ச்சல், பிரசவம் என்று ஏதாவது வந்து தறி பத்துப் பதினைந்து நாள் நின்றுபோனால், மறுபடி தொடங்கும் இடத்தில் புடவையின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று விழும். எவ்வளவு தேர்ந்த கையானாலும் விழும். அப்படிப்பட்ட புடவைகளுக்கு 'நின்ற புடவைப் பதிவேடு' என்று பெயர். நின்ற தேதி, நின்ற காரணம், தொடங்கிய தேதி என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு: 'நில்லாதிருந்தால்.' தறி நிற்காமல் இருந்திருந்தால் அந்தப் புடவை எந்தத் தரத்தில் வந்திருக்குமோ அதைப் பரிசோதகர் யூகித்து எழுத வேண்டும். அந்தக் கட்டத்தை ராமராஜன் ஏழு வருஷம் எழுதினான். அழகான கையெழுத்து.

பிரதேச ராணுவம் என்று ஒன்று இருக்கிறது. சாதாரண நாளில் அவரவர் வேலை, கூப்பிட்டால் படை. ராமராஜன் அதில் சேர்ந்திருந்தான். 2021 ஆடி மாதம் கூப்பிட்டார்கள். சங்கம் மாலை போட்டு அனுப்பியது. அவன் திரும்பும்வரை மேசையைப் பார்த்துக்கொள்ளக் குமரகுரு தற்காலிகமாக அமர்த்தப்பட்டார். குமரகுரு சங்க மேலாளர் கலியாணசுந்தரத்தின் மச்சினர் என்பதற்கும் இந்த நியமனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தீர்மானத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

மூன்று வருஷம் ராமராஜன் பனிமலையில் ஒரு பாலத்தைக் காவல் காத்தான். யாரும் அந்தப் பாலத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. இடது காலில் இரண்டு விரல் மட்டும் மரத்துப்போயின. 2024 ஆனி மாதம் ஊர் திரும்பினான்.

அன்று சங்க வாசலில் இருபதடி பிளக்ஸ். ராமராஜனின் படம், பின்னால் மலை, மேலே பறக்கும் விமானம் இரண்டு, கீழே கொட்டை எழுத்தில் 'வீரவணக்கம்.' செத்தவர்களுக்குப் போடுகிற வார்த்தை அது என்று பிளக்ஸ் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம், சங்கத்துக்குத் தெரியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிய கங்கையம்மாள் அதைப் பார்த்துவிட்டு நடுரோட்டில் மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகன் ஓடிவந்து தூக்கினான். அந்தக் காட்சியையும் யாரோ வீடியோ எடுத்து, சோகப் பாட்டு சேர்த்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். ராணுவ வீரரோடு படம் எடுத்துக்கொள்வதற்கென்று பூவால் வளைத்த ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். அதற்குள் ராமராஜன் ஒன்றரை மணி நேரம் நின்றான். பதினான்கு சால்வை விழுந்தது. எல்லாரும் பேசி முடித்த பிறகு அவன் கலியாணசுந்தரத்திடம் கேட்டான்:

"சார், நாளைக்கு எத்தினி மணிக்கு வரட்டும்?"

"எதுக்குப்பா?"

"வேலைக்கு."

கலியாணசுந்தரம் பதினைந்தாவது சால்வையைத் தேடினார். கிடைக்கவில்லை.

அந்த வேலையில்தான் எல்லாம் நின்றது. இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் பிரவீனா மூன்று வருஷம் அவனுக்காகக் காத்திருந்தாள். அவள் வீட்டில் சொன்னது ஒன்றே ஒன்று: மேசையில் உட்கார்ந்த மறுநாள் தேதி குறிக்கலாம்.

மறுநாள் ராமராஜன் பிரதேச ராணுவச் சட்டத்தின் நகலோடு போனான். பிரவீனா இறக்கிக் கொடுத்தது. கலியாணசுந்தரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்: ராணுவப் பணி முடிந்து திரும்புகிறவரை, இடையில் வேலை தடைப்படாமல் இருந்திருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பாரோ, அதற்குக் குறையாத நிலையில் மீண்டும் அமர்த்த வேண்டியது வேலை கொடுத்தவரின் கடமை.

"சட்டத்த மீறுவமாப்பா நாம? நவவீரர் சங்கம் இது. சூரன அடக்க முருகனோட போன ஒம்போது பேரு பேர வெச்சிக்கினு இருக்கோம்."

"அப்ப உக்காரட்டுமா சார்?"

"இருப்பா. தடைப்படாம இருந்திருந்தா எந்த நெலமைலன்னு போட்டிருக்குது. எந்த நெலமைல இருந்திருப்ப?"

"இதே நெலமைலதான் சார்."

"அத நீ சொல்லக்கூடாதுப்பா. நீ ஒரு தரப்பு."

ஒன்பது வீரர்களும் போர் முடிந்து எந்த வேலையில் சேர்ந்தார்கள் என்று புராணத்தில் இல்லை. சங்கத்தின் கோப்புகளிலும் முன்மாதிரி எதுவும் அகப்படவில்லை. இரண்டு நாள் தேடிய பிறகு, தடைப்பட்ட ஒன்று தடைப்படாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கணக்கிடுவதற்குச் சங்கத்தில் ஏற்கெனவே ஒரு முறை இருப்பது குமரகுருவுக்கு நினைவு வந்தது. நின்ற புடவைப் பதிவேட்டை எடுத்து, தூசு தட்டி, புதுப் பக்கத்தில் எழுதினார்கள். பொருள்: ராமராஜன். நின்ற தேதி: 2021 ஆடி. காரணம்: தேசம். தொடங்கிய தேதி: காலி. நில்லாதிருந்தால்: காலி.

"சார், இது பொடவைக்கு எழுதற புக்கு. நான் மனுசன்."

"ஏழு வருசம் நீதான எழுதின? எந்த நெசவாளியாச்சும் வந்து, இது புக்கு, நான் மனுசன்னு சொன்னானா?"

சொன்னதில்லை.

அந்தக் காலிக் கட்டத்தை நிரப்புவதற்காக, 'போகாதிருந்த ராமராஜனின் நிலை கண்டறியும் ஒருநபர் விசாரணை' அமைக்கப்பட்டது. கைத்தறித் துறையிலிருந்து மாணிக்கவாசகம் என்ற அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டை, சாந்தமான முகம், வீட்டிலிருந்தே கொண்டுவரும் வெந்நீர். அவர் யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காத நேர்மையான மனிதர். சிக்கலே அதுதான். லஞ்சம் வாங்குகிறவராக இருந்திருந்தால் இரண்டாம் நாளே விஷயம் முடிந்திருக்கும்.

"போகாதிருந்த ராமராஜன் காலைல எத்தனை மணிக்கு வந்திருப்பார்?" என்று ஆரம்பித்தார்.

"எட்டே முக்காலுக்கு டாண்ணு வந்துடுவேன் சார்."

"நீங்க வந்தீங்க தம்பி. நான் அவரைப் பத்திக் கேக்கறேன்."

மாகறலிலிருந்து வரும் காலை எட்டு மணி பஸ் இரண்டு வருஷமாக வருவதில்லை என்று பதிவாயிற்று. அடுத்த பஸ் ஒன்பதேகாலுக்கு. ஆகவே போகாத ராமராஜன் அறுநூற்றுச் சொச்சம் நாள் தாமதமாக வந்திருப்பார். அவருக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ போனது. மேல் விலாசம் இப்படி: 'திரு. ராமராஜன் (போகாதவர்). நேரில் பெற்றுக்கொள்பவர்: திரு. ராமராஜன் (போனவர்).'

ராமராஜன் அதை எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனான். பிரவீனா படித்தாள். வாசலில் டோக்கனோடு நின்றவர்களைக் கொஞ்சம் பொறுங்க என்று கைகாட்டிவிட்டு இன்னொரு முறை படித்தாள்.

"அந்தாளு லூசா?"

"ரொம்ப நல்ல மனுசன் பிரவீனா. வாங்க போங்கன்னு மரியாதையாத்தான் பேசறாரு."

"அப்ப இன்னும் டேஞ்சர். சரி, அவுங்க ரூட்டுலயே போவலாம். பஸ் நின்னா நீ என்ன பண்ணியிருப்ப?"

"பைக் வாங்கியிருப்பேன்."

"ஆங். டைப் பண்றேன்."

போகாத ராமராஜன் பஸ் நின்ற மாதமே பைக் வாங்கி, எட்டரைக்கே வந்திருப்பார் என்று பதில் போயிற்று. மாணிக்கவாசகம் படித்துவிட்டு, "ஆர்.சி. புக் வேணுமே" என்றார்.

"பைக் இருந்திருந்தா ஆர்.சி. புக்கும் இருந்திருக்கும் சார்" என்றாள் பிரவீனா.

மாணிக்கவாசகம் பேனாவை வைத்துவிட்டு அவளை மதிப்போடு பார்த்தார். "இருந்திருக்கும். சரிதான்மா. 'ஆவணம் இருந்திருக்கும், ஏற்கப்பட்டது.'"

மெமோ ரத்தானது. அன்று இருவரும் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரே பாதாம் பாலை இரண்டாக ஊற்றிக் குடித்தார்கள். தன் வெற்றியில் ஒரு பொறி இருந்தது பிரவீனாவுக்கு அப்போது தெரியவில்லை. இருந்திருக்கும் என்பது இனி இருந்ததற்குச் சமம் என்று அன்றைக்கு விதியாகிவிட்டது.

அடுத்த அமர்வு, குடும்ப விவரம். கங்கையம்மாளைக் கூப்பிட்டிருந்தார்கள். முப்பது வருஷம் கூட்டிய முற்றத்தைத் தாண்டி, முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவே அவளுக்குக் கண் கலங்கப் போதுமானதாக இருந்தது.

"உங்க பையன் ராணுவத்துக்குப் போகாம இருந்திருந்தா, கல்யாணம் ஆகியிருக்குமாம்மா?"

"இன்னா இப்டி கேட்டுட்டீங்க! அந்த ஆவணிலயே எங்க அண்ணம் பொண்ணு அம்சாவக் கட்டி வெச்சிருப்பேனே."

"யம்மா!" என்றான் ராமராஜன்.

"நீ சும்மாரு நைனா, ஐயா கேக்கறாரு இல்ல?"

"குழந்தைங்க?"

கங்கையம்மாள் யோசிக்கவே இல்லை. மூன்று வருஷமாக யோசித்து வைத்திருந்தாள் போல. "ரெண்டுங்க. பெருசு பொண்ணு, துளசி. என்ன மாதிரியே நெத்தி. பால்வாடிக்குப் போவமாட்டேன்னு காலக் கட்டிக்கினு அழுதிருக்கும். சின்னது பையன். அபி. அதுக்குத்தான் அடிக்கடி சளி புடிச்சிக்கும்."

மாணிக்கவாசகம் மெதுவாக எழுதினார். சளி என்பதையும் எழுதினார்.

மறுநாள் பிரவீனா மையத்தின் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்: "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? பையனுக்கு சளி எப்டி இருக்குது?"

"ஏய், நான் இன்னா பண்ணேன்?"

"ரெண்டு புள்ள பெத்துட்டு இன்னா பண்ணேன்ற."

"அது நான் இல்ல. அவன்."

"அவனுக்குத்தான் வேல குடுக்கப் போறாங்க. உனக்கில்ல."

அவள் கோபத்தில் சொன்னதை மாணிக்கவாசகம் நிதானமாக எழுத்தில் சொன்னார். கோப்பின்படி ராமராஜன் திருமணமானவர். அவர் பிரவீனாவை மணந்தால் அது முதல் மனைவி உயிரோடிருக்கையில் செய்யும் இரண்டாம் மணம். சங்க ஊழியர் நடத்தை விதிகளின்படி வேலைநீக்கத்துக்குரிய குற்றம். வேலை கிடைத்தால்தான் கல்யாணம், கல்யாணம் செய்தால் வேலை போகும். மாணிக்கவாசகம் இதைச் சொன்னபோது அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

பிரவீனா இரண்டு நாள் பேசாமலிருந்து, மூன்றாம் நாள் விசாரணை அறைக்குள் நேராக நுழைந்து தன் போனை மேசைமேல் வைத்தாள். "சார், அம்சா லைன்ல இருக்குது. ஒரகடத்துல கம்பெனி வேல. பிரேக் பத்து நிமிசந்தான், சீக்கிரம் கேளுங்க."

ஸ்பீக்கரில் எந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல் வந்தது. "யாரு, ராமராஜன் மாமாவா? அதையா? சோறு துன்னும்போது சப்பு சப்புன்னு சத்தம் போடும் சார் அது. நான் கட்டியிருக்கவே மாட்டேன்."

"பெரியவங்க வற்புறுத்தியிருந்தா?"

"ஓடிப் போயிருப்பேன். எழுதிக்கோங்க சார். பெல் அடிக்கப் போறாங்க, வெச்சிடட்டா?"

மாணிக்கவாசகம் சிவப்புப் பேனாவை எடுத்தார். துளசி, அபி என்ற இரண்டு பேருக்கு மேல் அது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரே கோடாக அடித்தார். மூலையில் உட்கார்ந்திருந்த கங்கையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். இரண்டு பேரப்பிள்ளைகள் ஒரே போனில் போய்விட்டார்கள். அந்தக் கோப்பிலேயே உண்மையாக அழுதது அவள் ஒருத்திதான். அதற்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

அதன் பிறகு நெசவாளர்களை விசாரித்தார்கள். இங்கேதான் ராமராஜனுக்கு நம்பிக்கை. ஊரில் அவனைப் பிடிக்காதவர்கள் குறைவு. முதல் சாட்சி காமாட்சியம்மாள், நாற்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்தவள்.

"ராமராஜன் இருந்திருந்தா எம் மயில்கழுத்துப் பொடவயத் தள்ளியிருக்க மாட்டான் சார். குமரகுருதான் கரையில கொற இருக்குதுன்னு தள்ளிட்டாரு. இவன் இருந்திருந்தா எடுத்திருப்பான்."

"கரையில குறை இருந்ததா?"

"இத்தினியூண்டு இருந்துச்சி."

"குறை இருந்தும் அவர் எடுத்திருப்பார்?"

"ஐய, எடுக்காம? எங்க மேல அத்தினி பிரியம் அவனுக்கு."

மாணிக்கவாசகம் அதை எழுதிக்கொண்டது ஜன்னல் வழியாகத் தெருவுக்குத் தெரிந்தது. அன்று மாலைக்குள் இன்னும் நாற்பத்து இரண்டு நெசவாளர்கள் வரிசையில் நின்றார்கள். குமரகுரு தள்ளிய புடவை ஒவ்வொன்றையும் போகாத ராமராஜன் எடுத்திருப்பார் என்றார்கள். சிலர், குமரகுரு தள்ளாத புடவையைக் கூட ராமராஜன் இன்னும் நல்ல தரத்தில் எடுத்திருப்பார் என்றார்கள். பிரியம் பெருகிற்று. இரவல் பிரியம் என்றாலும் ராமராஜனுக்கு நெஞ்சு நிறைந்தது. வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டான்.

மறுநாள் குற்றப்பத்திரிகை வந்தது. போகாத ராமராஜன், தம் பணிக்காலத்தில் குறையுள்ள புடவைகள் நாற்பத்து மூன்றைத் தெரிந்தே ஏற்று, சங்கத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்திருப்பார். ஏன் வேலைநீக்கம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாளில் விளக்கம் தேவை. நெசவாளர்களுக்கும் ஆளுக்கொரு நோட்டீஸ்: மேற்படி ராமராஜன் ஏற்றிருந்திருக்கும் புடவையை மறுபரிசோதனைக்காகப் பத்து நாளில் கொண்டுவந்து ஒப்படைக்கவும், தவறினால் உறுப்பினர் உரிமை நிறுத்தப்படும்.

தள்ளப்பட்ட புடவைகளெல்லாம் எப்போதோ எங்கெங்கோ விற்றுப்போய், யார் யார் கல்யாணத்திலோ உடுத்தப்பட்டுவிட்டன. இல்லாத புடவையை எங்கே போய் எடுப்பது? வேறு வழி தெரியாமல் காமாட்சியம்மாள் மயில்கழுத்து நிறத்தில் புதிதாகப் பாவு ஏற்றி, நோட்டீஸுக்குப் பதிலாக ஒரு குறைப் புடவை நெய்ய ஆரம்பித்தாள். அவள் நெய்வதைப் பார்த்துக்கொண்டு ராமராஜன் தறிக்குப் பக்கத்தில் நின்றான்.

"கொறையோட நெய்யறது ரொம்பக் கஷ்டம்பா" என்றாள் அவள். "கை தானா சரி பண்ணிடுது. மூணு வாட்டி பிரிச்சிட்டேன்."

"எனக்கோசரம் ஏம்மா இப்டிச் சொன்னீங்க? நான் தப்புப் பொடவைய எடுத்திருக்க மாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

காமாட்சியம்மாள் தறிப் பலகையை நிறுத்தினாள். "தெரியும்பா. எம் புருசன் செத்தப்ப பதினாறு நாள் தறி நின்னுச்சே, ஞாபகம் இருக்குதா? அந்த வாடாமல்லிப் பொடவ. நின்ன கோடு இருந்துச்சி. கடைசிக் கட்டத்துல நீ இன்னா எழுதின? நிக்காம இருந்திருந்தாலும் இரண்டாந்தரந்தான்னு எழுதின. அழகா, குண்டு குண்டா. அந்தாளு கூட இருந்திருந்தா நான் எப்டி நெய்ஞ்சிருப்பேன்னு உனக்கு எப்டிப்பா தெரியும்?"

ராமராஜன், மரத்த விரல் இரண்டும் செருப்புக்குள் இருக்கின்றனவா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான்.

ஆனால் காமாட்சியம்மாள் நல்லவள். மறுநாள் அவளே தலைமை தாங்கி நாற்பத்து இரண்டு பேரையும் இட்டுக்கொண்டு வந்து சாட்சியத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "ராமராஜனா? அந்தப் பையன் இரக்கமே இல்லாதவன் சார். இத்தினியூண்டு கொற இருந்தாலும் மூஞ்சில அடிப்பான். நாங்க பயந்துக்கினு அன்னிக்கு மாத்திச் சொல்லிட்டோம்" என்றாள். ஒவ்வொருவராக வந்து அவனை இரக்கமற்றவன், கல் மனசுக்காரன், கண்ணில் ரத்தமில்லாதவன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். மாணிக்கவாசகம் ஒவ்வொன்றையும் நற்சான்றாகச் சேர்த்துக்கொண்டார்.

குற்றப்பத்திரிகை விழுந்தது. தை மாதம் பிறந்து பத்து நாளாகியிருந்தது. போகாத ராமராஜன் நேரத்துக்கு வந்திருப்பார், மணமாகாதிருப்பார், தப்பான புடவையை எடுத்திருக்க மாட்டார். கடைசி அமர்வில் கலியாணசுந்தரம், குமரகுரு, கங்கையம்மாள், பிரவீனா எல்லாரும் இருந்தார்கள். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, 'நில்லாதிருந்தால்' கட்டத்தில் மாணிக்கவாசகம் எழுத ஆரம்பித்தார்: 'அதே பணியில், அதே மேசையில்...' குமரகுரு மேசை டிராயரிலிருந்த தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் விபூதிச் சம்புடத்தையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிரவீனா மேசைக்கு அடியில் தன் அப்பாவுக்கு மெசேஜ் தட்டினாள்: தேதி பாருங்க.

மாணிக்கவாசகம் பேனாவை நிறுத்தினார்.

"ஒண்ணே ஒண்ணு தம்பி. இப்பல்லாம் எல்லாக் கோப்புலயும் தேசப்பற்று பத்தி ஒரு வரி கேக்கறாங்க. மேல இருந்து வந்த படிவம். இது இல்லாம முடிக்க முடியாது. சம்பிரதாயந்தான்."

"கேளுங்க சார்."

"2021ல உங்களைக் கூப்பிடலை, நீங்க போகலைன்னு வெச்சிக்குவோம். 2023 புரட்டாசியில உங்க படைக்கு மறுபடி ஆள் கூப்பிட்டிருக்காங்க. அப்ப கூப்பிட்டிருந்தா போயிருப்பீங்களா?"

பிரவீனா அவன் காலை ஓங்கி மிதித்தாள். மிதித்தது இடது காலில், மரத்துப்போன விரல்களை. அந்த இரண்டு விரலுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ராமராஜன் எழுந்து நின்றான். ஏழு மாதமாக அவனிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே யோசிக்காமல், பொய் கலக்காமல், முழு மனசோடு பதில் சொல்லக்கூடிய கேள்வி இது ஒன்றுதான்.

"கூப்ட்டா போவாமயா சார்? மொத ஆளா கெளம்பியிருப்பேன்."

கலியாணசுந்தரம் கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். கங்கையம்மாளும் பெருமையாகத் தட்டினாள். கைதட்டல் அடங்கிய பிறகு மாணிக்கவாசகம் எழுதியதை அடித்துவிட்டு, நிதானமாக வேறு எழுதி, உரக்கப் படித்தார்:

"போகாதிருந்த ராமராஜன் 2023 புரட்டாசியில் ராணுவப் பணிக்குப் போயிருப்பார். பணிக்காலம் மூன்று ஆண்டு. ஆகவே இன்றைய தேதியில் அவர் எல்லையில் இருக்கிறார். 2026 புரட்டாசியில்தான் திரும்புவார். எல்லையில் பணியிலிருக்கும் ஒருவரை இங்கே வேலையில் சேர்ப்பது சட்டப்படி இயலாது. அதுவரை அவரது பணியிடம் முழுமையாகப் பாதுகாக்கப்படும்."

"சார், அவரு இங்கதான நிக்கறாரு!" என்றாள் பிரவீனா.

"இவர் போனவர்மா" என்றார் மாணிக்கவாசகம் மிக அன்பாக. "வேலை, போகாதவருக்கு. போகாதவர் போயிருக்கார்."

"2026ல வந்தா குடுத்துடுவீங்களா?"

"நின்ன தேதி, தொடங்கின தேதி இருக்குமில்ல? கடைசிக் கட்டத்தை அப்ப பாக்கணும்."

குமரகுரு கண்ணாடிக் கூட்டையும் சம்புடத்தையும் பையிலிருந்து எடுத்து மறுபடி டிராயரில் வைத்தார். பிரவீனாவின் போனில் பதில் வந்து மினுக்கியது: 'மாசி இருபத்தஞ்சு நல்லாருக்கு.' அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

ராணுவத்துக்கு எழுதிப் பார்த்தார்கள். ராமராஜன் என்பவர் பணி முடிந்து விடுவிக்கப்பட்டார் என்று பதில் வந்தது. தாங்கள் குறிப்பிடுவது போனவரை, நாங்கள் கேட்பது மற்றவரை என்று சங்கம் மரியாதையாகத் திருப்பி எழுதிற்று. எல்லையில் இருக்கும் ராமராஜனுக்குச் சுதந்திர தினத்தன்று வாசலில் இன்னொரு பிளக்ஸ் வைத்தார்கள். அதே படம். விமானம் இந்த முறை மூன்று.

இந்த விசாரணை முறை துறையில் பாராட்டப்பட்டது. எல்லாச் சங்கங்களுக்கும் சுற்றறிக்கை போயிற்று: எந்தக் காரணத்தாலும் விடுப்பில் சென்று திரும்பும் எவருக்கும் 'நில்லாதிருந்தால்' கட்டம் நிரப்பப்பட வேண்டும். ஐப்பசியில் கலியாணசுந்தரம் முழங்கால் ஆபரேஷனுக்காக இருபத்தெட்டு நாள் லீவு போட்டுவிட்டு, கைத்தடியோடு திரும்பி வந்தார். அவர் நாற்காலியில் குமரகுரு இருந்தார். பதிவேடு திறந்திருந்தது. லீவு போடாமல் இருந்திருந்தால், அந்த முழங்காலோடு மாடிப்படியில் விழுந்து, உடல் தகுதியிழந்து, கட்டாய ஓய்வில் போயிருப்பார் என்று தெரியவந்தது. குமரகுரு அவருக்குச் சால்வை போர்த்தினார்.

அன்றிலிருந்து சங்கத்தில் யாரும் லீவு போடுவதில்லை. காய்ச்சலோடு வந்து உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்த்தபடி இருமுகிறார்கள். நெசவாளர்கள் தறியை நிறுத்துவதில்லை. போன மாதம் ஒரு வீட்டில், வாசலில் பாடை கட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே தறிப் பலகை அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. அவர்களும் அவசரமாகத் திரும்ப வேண்டியவர்கள்தான். ஆண்டறிக்கையில், இந்த ஆண்டு நின்ற புடவை ஒன்றுகூட இல்லை என்று பெருமையோடு குறிப்பிட்டிருக்கிறார்கள்.

ராமராஜன் இப்போது ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறான். பன்னிரண்டு மணி நேர டூட்டி. ஒருநாள் வரவில்லை என்றால் அன்றைக்கு வேறு ஆள்.